யாழினிக்கு மட்டும் இறங்காத கோப்பு

“யாழி, திமிங்கிலம் பாடுறது உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?”

“இல்லாம என்ன? இப்பக்கூட குக்கர் விசில் அடிச்சா, இது எந்த வகைத் திமிங்கிலம்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் அடுப்பை அணைக்கறேன்.”

“அப்ப கேளு. ஆழ்குடில்ல ஒரு இடம் காலி. எங்க குழுவுல ஒருத்தர் மாடிப்படியில வழுக்கிக் காலை ஒடச்சுக்கிட்டார். மூணு மாசம், கடலுக்கு அடியில. நீள்செவியைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்து கேக்குற வேலை. உன்னை மாதிரி காது நம்ம வகுப்புலயே யாருக்கும் கெடையாது.”

“எனக்கெதுக்குடி அதெல்லாம்? வேற சின்னப் பொண்ணுங்க யாரையாவது பாரேன்.”

“நீ ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரியும். இது ஒண்ணு. இன்னொண்ணையும் சொல்லிடு, கேட்டுக்கறேன்.”

“பாப்பாவுக்குப் பரீட்சை வருது. இவரும் தனியா என்ன பண்ணுவாரு...”

“ஆச்சு, ரெண்டு. இப்ப நெசத்தைச் சொல்லு.”

யாழினி எதையும் சொல்லவில்லை. ஆனால் இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. ஆதிரை கல்லூரி விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள். யாழினி பேசாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று படித்துத் தேறியவள். “சரி, நுழைவுக்கோப்பை அனுப்பி வைக்கறேன். உன் வீட்டுக் கணினியில இறக்கிக் குரலொப்பம் வெச்சு அனுப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் அதுக்கு உயிரு. அதுக்கப்புறம் இடம் அடுத்தவருக்கு. கலம் சனிக்கிழமை ராத்திரி தூத்துக்குடியில இருந்து கிளம்புது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்தப் பேச்சை யாழினி அன்றைக்கிலிருந்து ஆட்டுக்குட்டி தழையை மெல்வதுபோல மென்றுகொண்டிருந்தாள். இப்போது வெள்ளிக்கிழமை மதியம். சிங்காநல்லூர் வீட்டின் சாப்பாட்டு அறையில், சுவரில் பதித்த கணினிப் பலகைக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பலகையில் ஒரு சின்ன வாசற்கதவு தெரிந்தது. கதவுக்கு வெளியே, மழையில் நனைந்த பிள்ளையைப்போல அவளுடைய கோப்பு நின்றுகொண்டிருந்தது.

“கோப்பு வந்திருக்குதுங்க. வாசல்லயே நிக்க வெச்சிருக்கறேனுங்க” என்றது வாயிலோன்.

அந்தக் காலத்தில் கணினிகளுக்குக் கிருமிக்காப்பு என்று ஒன்று இருந்தது. நோய் பிடித்த கோப்புகளைத் தடுப்பதுதான் அதன் வேலை. ஆனால் கணினியைப் படுக்கவைக்கிற கோப்புகள் கொஞ்சம்தான், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் படுக்கவைக்கிற கோப்புகள்தான் ஏராளம் என்று பிற்பாடு தெரிய வந்தது. பங்காளி அனுப்பும் நிலத்தகராறுக் குரல் செய்தி, பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பும் வெளிநாட்டுச் சுற்றுலாப் படங்கள், விடுமுறை நாளில் வந்து விழும் மேலாளரின் கட்டளை. இவற்றுக்கெல்லாம் மனவூறு என்று பெயர் வைத்து, மனவூறைத் தடுக்க வீட்டுக்கு வீடு வாயிலோன் கட்டாயம் என்று சட்டமும் வந்தது.

எது யாருக்கு ஊறு என்பது அதற்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வீடு வாசற்படி. ஒரு வீட்டில் சிரிப்பு வருவது இன்னொரு வீட்டில் விவாகரத்து வரை போகும். ஆகவே வாயிலோனுக்குப் பொதுவிதி எதுவும் எழுதவில்லை. வீட்டில் பொருத்தியதும் ஒரு மண்டலம் அது வாயைத் திறக்காது. யார் எதற்குச் சரி என்கிறார்கள், யார் எதை வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு அந்த வீட்டுப் பேச்சையே பேசிக்கொண்டு காவலுக்கு நிற்கும்.

யாழினி வீட்டில் ஒன்பது வருடமாக நிற்கிறது. குறையே சொல்ல முடியாது. கணவன் கவினின் சித்தப்பா பாகப்பிரிவினை பற்றி அனுப்பும் எந்தக் குரல் செய்தியும் உள்ளே வந்ததில்லை. அவர் திருந்திவிட்டார் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. மகள் நறுமுகையின் கணக்குப் பாட மதிப்பெண், கவின் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் இறங்கும்.

“ஏன் விடமாட்டேங்கறே? கிருமி ஏதாவது இருக்குதா?” என்று கேட்டாள் யாழினி.

“சேச்சே, சுத்தமான கோப்புங்க. குளிச்சுத் துண்ணூறு பூசிட்டு வந்த மாதிரி இருக்குது.”

“அப்புறம் என்ன?”

“உங்களுக்கு வேண்டாங்களே.”

“நான் எப்ப வேண்டாம்னேன்?”

“வீட்டுல பேசுனதை எடுத்துச் சொல்றதுக்கு எனக்கு உத்தரவில்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

கணினி தகராறு செய்தால் உலகத்தில் எல்லோரும் எதைச் செய்வார்களோ அதை அவளும் செய்தாள். அணைத்துப் போட்டாள். மறுபடி அணைத்து, நூறு எண்ணிவிட்டுப் போட்டாள். இடம் போதவில்லையோ என்று சந்தேகப்பட்டு, உறவினர் வீட்டுச் சீமந்தப் படங்களில் பாதியை மனசாட்சி உறுத்த உறுத்த அழித்தாள். கோப்பு வருகிற வழியை மாற்றிப் பார்த்தாள். அது கொல்லைப்புறமாகப் போய் நின்றது, வாயிலோன் அங்கேயும் போய் “தப்பா நெனச்சுக்காதீங்க” என்றது. பக்கத்து வீட்டுக் கணினியில் இறக்கவும் வழியில்லை. குரலொப்பக் கோப்பு அவரவர் வீட்டுக் கணினியில் மட்டும்தான் இறங்கும்.

இவர்தான் ஏதாவது சொல்லி வைத்திருப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். கவின் மாடியில் காதுபேசியை மாட்டிக்கொண்டு, திருப்பூரில் இருக்கும் தறிப்பொறிகளுக்கு இங்கிருந்தே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல மனிதன். கோபம் வந்தால் துணி காயப்போடும் மனிதன். அவனுக்கு இந்த விஷயமே இன்னும் தெரியாது. அவள்தான் சொல்லவில்லை. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று புதன்கிழமை நினைத்தாள், வியாழக்கிழமையும் நினைத்தாள்.

வேறு வழியில்லாமல் உதவி மையத்தைக் கூப்பிட்டாள். மையம் தென்காசியில் இருந்தது. பேசிய பெண்ணின் பெயர் இசக்கி.

“சொல்லுங்கக்கா, என்ன செய்யுது?”

“கோப்பு இறங்க மாட்டேங்குதுங்க. உங்களுக்குச் சிரமம் குடுக்கறேன், மன்னிச்சுக்கோங்க. வேற ஆராவது அவசரமா கூப்புட்டா அவங்களை மொதல்ல பாத்துட்டுக்கூட வாங்க, நான் இருக்கறேன்.”

“அக்கா, ஒங்க கோளாறு என்னன்னு எனக்கு இப்பவே பாதி தெரிஞ்சு போச்சு” என்றாள் இசக்கி. “இருந்தாலும் சோதிச்சுப் பாத்துருவோம். நான் ஒவ்வொரு கோப்பா அனுப்புதேன். எது இறங்குதுன்னு மட்டும் சொல்லுங்க.”

முதலில் குக்கரின் ரப்பர் வளையம் மாற்றும் செயல்விளக்கம் வந்தது. யாழினி கண்ணை மூடித் திறப்பதற்குள் இறங்கியது. அடுத்து கவின் பெயருக்கு, கழுத்துவலிக்கான பயிற்சி. “அவருக்கு நல்லதுங்க” என்று தானாகவே கதவைத் திறந்து விட்டது வாயிலோன். மூன்றாவதாக நறுமுகையின் பெயருக்கு ஒரு வினாத்தொகுப்பு. வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. நான்காவது யாழினியின் பெயருக்கு. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேட்க, கால்மணி நேர மழைச் சத்தம்.

“வாசல்லயே நிக்க வெச்சிருக்கறேனுங்க.”

“பாத்தியளா!” என்றாள் இசக்கி. “இன்னும் ஒண்ணே ஒண்ணு. இதுவும் ஒங்க பேருக்குத்தான்.”

வாயிலோன் கதவை அகலத் திறந்தது. “வாங்க வாங்க” என்றுகூடச் சொன்னது. வந்து இறங்கியதை யாழினி பார்த்தாள். தலைப்பு, ‘வீட்டு மின்செலவைக் குறைக்க எளிய வழிகள்’.

“என்னங்க இது அநியாயமா இருக்குது?”

“அநியாயமெல்லாம் ஒண்ணுமில்லக்கா. ஒரு மண்டலம் ஒங்க வீட்டுல ஒக்காந்து கேட்டுச்சுல்லா, அப்ப நீங்க என்னல்லாம் சொன்னீயன்னு கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.”

யாழினி நினைத்துப் பார்த்தாள். வாயிலோனைப் பொருத்தியது தீபாவளி சமயம். எல்லோருக்கும் துணி எடுத்தார்கள். ‘எனக்கெதுக்கு இன்னொரு சேலை, பீரோ கொள்ளாம இருக்குது’ என்றாள். நாத்தனார் வீட்டிலிருந்து பருப்புப் பூரணம் வைத்த ஒப்பட்டு வந்தது. கடைசி ஒப்பட்டு தட்டில் இருந்தபோது, ‘நீங்க எடுத்துக்கோங்க, எனக்கு வேண்டாம்’ என்றாள். ரயிலில் சன்னலோரம் வேண்டாம். புது வருடத்துக்குச் சங்கிலி வேண்டாம். தலைவலிக்கு மாத்திரைகூட வேண்டாம், தானாகவே சரியாகிவிடும். அந்தக் கடைசி ஒப்பட்டின்மீது அவளுக்கு இருந்த ஆசை அவளுக்கும் ஒப்பட்டுக்கும் மட்டுமே தெரியும். வாயிலோனுக்குக் காது இருந்தது; அவள் கண் போன இடத்தைப் பார்க்க அதற்குக் கண் இல்லை.

“ஒவ்வொரு நாளும் ஒங்களுக்குன்னு எது வந்தாலும் வேண்டாம்னுருக்கிய. அடுத்தவங்களுக்குன்னா உடனே சரின்னுருக்கிய. அது என்ன செய்யும் பாவம்? அக்காவுக்கு ஆசைப்பட்ட பொருளைக் கண்டா ஆகாது போலன்னு எழுதி வச்சுக்கிட்டுது” என்றாள் இசக்கி. “இத செஞ்சவங்க ஊர்ல, வேண்டாம்னா வேண்டாம்தானாம். நம்ம ஊர்ல வேண்டாம்னா இன்னொரு மட்டம் கேளுன்னுல்லா அர்த்தம். அத அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. ஒங்க ஒரு வீடு மட்டும்னு நெனக்காதீக. எங்களுக்கு வார அழைப்புல பாதி இதுதான். அத்தனையும் பொம்பளைய.”

“சரிங்க, இப்ப இதைத் தொறக்கறதுக்கு என்ன பண்ணோணும்?”

“ரொம்பச் சுளுவு. ‘எனக்கு வேணும்’னு சொல்லணும். அவ்வளவுதான்.”

யாழினி தொண்டையைச் செருமிக்கொண்டாள். பலகையைப் பார்த்தாள். அறையில் யாருமில்லை என்றாலும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “எனக்கு... முடிஞ்சா... வேணுமுங்க. உனக்குச் சிரமம் இல்லீன்னா.”

“எனக்கொரு சிரமமும் இல்லீங்க” என்றது வாயிலோன். “ஆனா என்கிட்டச் சொன்னா நான் நம்பக்கூடாதுங்க.”

“அய்யோ, அத சொல்ல மறந்துட்டேன்!” என்றாள் இசக்கி. “முன்னாடி இந்த வெளம்பரக்காரனுவ ஒரு வேலை செஞ்சானுவ. ‘எனக்கு வேணும், எனக்கு வேணும்’னு பொம்பளை குரல்ல ஒலிபெருக்கி வச்சு, வாயிலோனை ஏமாத்தி எல்லாத்தையும் உள்ள தள்ளிட்டானுவ. அதுல இருந்து அதுகிட்டச் சொன்னா அது காதுல போட்டுக்காது. ஒங்க வீட்டு ஆளு ஒருத்தர்கிட்ட, நேருக்கு நேரா, மொகத்தப் பாத்துச் சொல்லணும். இன்னாருக்காகன்னு சொல்லப்படாது. காரணமும் சொல்லப்படாது.”

“வீட்டு ஆளுன்னா... பாப்பா திருச்சியில ஹாஸ்டல்ல இருக்கறா.”

“அண்ணாச்சி இருக்காகளா?”

“மேல இருக்கறாரு.”

“பொறவென்ன? கூப்பிடுங்க.”

“அவரு வேலையா இருப்பாருங்க. அவரைப் போயி எதுக்குத் தொந்தரவு...”

“அக்கா!” என்றாள் இசக்கி. அந்த அதட்டலில் தென்காசிச் சாரல் கொஞ்சம்கூட இல்லை. “அழுத பிள்ளைக்குத்தாம் பாலு. நானும் இந்த வேலைக்கு வாறதுக்கு முன்ன எங்க வீட்டு வாயிலோன்கிட்ட நாலு மட்டம் தோத்தவதான். கூப்பிடுங்க.”

கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் கவினே இறங்கி வந்தான். தேநீர் நேரம். காதுபேசியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வலிக்கிற கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தவன், சமையலறை எந்திரக்கை நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டு மேசையருகே நின்றான்.

“என்ன அம்மிணி, ஆருகிட்டப் பேசீட்டிருக்கறே?”

“ஒண்ணுமில்லீங்க. ஒரு கோப்பு இறங்க மாட்டேங்குது.”

“அணைச்சுப் போட்டியா?”

“போட்டேனுங்க.”

“இடம் இருக்குதா பாத்தியா?”

“பாத்தேன்.”

“வழியை மாத்தி...”

“எல்லாம் பண்ணியாச்சுங்க.”

“நகரு, நான் பாக்கறேன்” என்று கவின் டம்ளரை வைத்துவிட்டு, கணினியை அணைத்துப் போட்டான். மூன்று தலைமுறையாக ஆண்பிள்ளைகளிடம் இருக்கும் அந்த நம்பிக்கை அவன் முகத்தில் ஒளிர்ந்தது. பலகை மெதுவாக விழித்துக்கொண்டது. கோப்பு அதே வாசலில் அதே இடத்தில் நின்றது. ஐந்து மணிக்கு இருந்த நேரத்தில் மட்டும் ஐந்து நிமிடம் குறைந்திருந்தது.

“அண்ணாச்சி, அத அக்கா அப்பமே செஞ்சாச்சு” என்றது ஒலிபெருக்கி.

கவின் திடுக்கிட்டான். “இது ஆரு?”

“உதவி மையமுங்க” என்றாள் யாழினி.

“நான் காதைப் பொத்திக்கிடுதேன். நீங்க பேசுங்க. அக்கா, மணி ஆவுது” என்றாள் இசக்கி.

யாழினி எழுந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தாள். “ஏனுங்க, ஆதிரை தெரியுமல்லங்க, என்ற சிநேகிதி? அவ கடலுக்கடியில திமிங்கிலம் பாடறதைக் கேக்கற எடத்துல இருக்கறா. அங்க ஒரு ஆள் கொறையுதாம். அவளுக்கு ஒரு ஒத்தாசைக்கு...”

“ஆதிரையம்மாவுக்கு வேணுங்களா?” என்று வாயிலோன் குறுக்கிட்டது. “அப்ப கோப்பை அவங்களுக்கே திருப்பி அனுப்பிச்சரட்டுங்களா?”

“வேண்டாம் வேண்டாம்!” என்று பதறினாள் யாழினி. கவின் அவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் மறுபடி ஆரம்பித்தாள். “மூணு மாசம்தானுங்க. திரும்பி வந்தா கல்லூரியில ஒரு வேலைக்கும் ஆகும். பாப்பாவோட மேல்படிப்புக்கு...”

“பாப்பாவுக்குன்னா உடனே பண்ணிக் குடுக்கறேனுங்க. அவங்க பேருக்கு மாத்தட்டுங்களா? கடலுக்கு அவங்க போயிக்கட்டும்.”

ஒலிபெருக்கியில் இசக்கி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

கவினுக்கு விஷயம் அரைகுறையாகப் புரிந்துவிட்டது. முக்காலியில் உட்கார்ந்தான். “இரு அம்மிணி. போற ஆளு நீயா? உனக்குப் போறதுக்கு இஷ்டமா என்ன? உனக்குத்தான் எதுவுமே பிடிக்காதே.”

“எனக்கா? எதுவுமேவா?”

“பின்ன? நானும் எத்தனை அனுப்பிப் பாத்துட்டேன். கல்யாண நாளைக்கு ராமேசுவரத்துக்குக் கண்ணாடிப் படகுச் சீட்டு அனுப்புனேன். கடலு உனக்குப் பிடிக்குமேன்னு. வந்த வேகத்துல திருப்பி அனுப்பிச்சுட்டே. அடுத்த வருஷம் கொடைக்கானல். அதுவும் வேண்டாம்னே. ஒரு தடவை நானே பாடிப் பதிவு பண்ணி ஒரு பாட்டு அனுப்புனேன்.”

“நீங்க பாடினீங்களா?”

“அதைக்கூட வேண்டாம்னுட்டே” என்றான் கவின். அந்தப் பழைய வருத்தம் இன்னும் ஈரமாக இருந்தது அவன் குரலில். “நான் அவ்வளவு மோசமாவா பாடியிருந்தேன்?”

“எனக்கு எதுவும் வரவே இல்லீங்களே! நான் எங்கீங்க திருப்பி அனுப்பினேன்?”

“நீயே எழுதினியே. ‘எனக்கெதுக்குங்க இதெல்லாம், நீங்க நெனச்சதே போதும். அந்தக் காசுல மாடி மோட்டாரை மாத்துங்க’ன்னு. நானும் மாத்துனேனே!”

யாழினி மெதுவாகத் திரும்பி வாயிலோனைப் பார்த்தாள்.

“சும்மா திருப்பி அனுப்பினா மரியாதை இல்லீங்களே” என்றது வாயிலோன். “வீட்டு வழக்கப்படி நாலு வார்த்தை சேத்து அனுப்பறதுங்க.”

“உங்களுக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரலீங்களா? நேர்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்களே?” என்றாள் கவினிடம்.

“எப்படி வரும்? அது உன்ற பேச்சேதான், அம்மிணி. ஒரு எழுத்து பிசகலை.”

அவளுக்குக் கோபம் வந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. வாயிலோன்மீது வைக்கலாம் என்று பார்த்தாள். அந்தக் கண்ணாடிப் படகுச் சீட்டு அன்றைக்கு உள்ளே வந்து அவள் கையிலேயே விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? ‘எனக்கெதுக்குங்க’ என்றுதான் சொல்லியிருப்பாள். மோட்டாரைச் சொல்லாமலும் விட்டிருக்கமாட்டாள், அந்த வருடம் அது ஒழுகிக்கொண்டிருந்தது. வாயிலோன் அவள் சொல்லாத எதையும் சொல்லிவிடவில்லை. அவள் சொல்லப்போவதை வாசலிலேயே சொல்லி, அவளுக்கு அந்தச் சிரமத்தை மிச்சப்படுத்தியிருந்தது. தன் வீட்டு வாசலில் தனக்குப் பதிலாக ஒரு பெட்டி நின்று தன்னைப்போலவே பேசியிருக்கிறது. தாலி கட்டியவனுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை என்றால், குற்றம் பெட்டியின் பேரில் மட்டும் இல்லை.

“இப்பெல்லாம் ஏன் எதுவும் அனுப்பறதில்லீங்க?” என்று கேட்டாள். குரல் அவளை அறியாமல் இறங்கியிருந்தது.

“வேண்டாம் வேண்டாம்ங்கறவளை எத்தனை தடவை தொந்தரவு பண்றது?” என்றான் கவின். “உனக்கு எதுவும் வேண்டாம்னு தெரிஞ்சுக்கிட்டேன். விட்டுட்டேன்.”

பெட்டிக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு மண்டலம் போதுமாக இருந்தது. இவனுக்குச் சில வருடங்கள் ஆகியிருக்கின்றன. ஆனால் இருவரும் ஒரே பாடத்தைத்தான் படித்திருந்தார்கள். பாடம் எடுத்தவளும் ஒருத்திதான். இசக்கி என்ன சூட்சுமம் சொல்லி வாயிலோனைச் சரிசெய்தாலும், முக்காலியில் தேநீர் ஆறிப்போக உட்கார்ந்திருக்கும் இந்த மனிதனுக்கு எந்த உதவி மையத்தைக் கூப்பிடுவது?

கவின் சங்கடமாகக் கழுத்தைத் தடவினான். “சரி விடு. போகோணும்னா போயிட்டு வா. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? உனக்கு அவசியம்னா...”

“அவசியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. யாழினி கீழுதட்டைக் கடித்து நிறுத்தினாள்.

“அக்கா” என்றாள் இசக்கி, காதைப் பொத்தியிருந்தவள்.

“அஞ்சு மணியாகப் போகுது, கோப்பு கிளம்பறேங்குதுங்க” என்றது வாயிலோன். “ரொம்ப நேரமா நின்னு கால் கடுக்குது போல. வழியனுப்பிச்சரட்டுங்களா? நாலு வார்த்தை நானே சேத்துக்கறேனுங்க.”

பலகையில் அந்தச் சின்ன உருவம் மெல்லத் திரும்பிக்கொண்டது. யாழினி அதைப் பார்க்கவில்லை. நேராகக் கவின் முன்னால் போய் நின்றாள். எத்தனையோ வருடமாகச் சேர்ந்து வாழ்ந்த முகம். அதை இவ்வளவு நேரம் கண் எடுக்காமல் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. பார்க்கப் பார்க்க ஒவ்வொரு காரணமாக வாய்க்கு வந்தது. சம்பளம் வந்தது, பாப்பா வந்தாள், ஆதிரை வந்தாள், ‘நீங்க வேண்டாம்னா வேண்டாம்’ என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது. எல்லாவற்றையும் எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். விழுங்கிய பிறகு மிச்சம் இருந்தது மிகவும் சின்னதாக இருந்தது. அதைச் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது. பெண் பார்க்க வந்த நாளில்கூட அவளுக்கு இவ்வளவு முகம் சிவந்ததில்லை.

“என்ன அம்மிணி?” என்றான் கவின், ஏதோ புரியத் தொடங்கியவனாக, மிகவும் தணிந்த குரலில். “சொல்லு.”

“எனக்குக் கடலுக்குப் போகோணுமுங்க” என்றாள் யாழினி. “எனக்கு ஆசையா இருக்குது. நாளைக்குக் காத்தால நீங்களே என்னைத் தூத்துக்குடிக்குக் கூட்டீட்டுப் போயி, கலம் ஏத்தி விடோணும்.” அவள் முதுகுக்குப் பின்னால், “வாங்க வாங்க” என்று வாயிலோன் கதவை அகலத் திறக்கும் சத்தம் கேட்டது.